சயாம் கல்

போன மாதம் ஒரு கருமாதி வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் இருந்த பெரியவர், உறவில் எனக்கு மாமா முறை, இலையில் ரசத்துக்குக் குழி செய்துகொண்டே சொன்னார்: "நாங்கள் அந்தக் காலத்திலிருந்தே எரிக்கிற குடும்பம். தோட்டத்தில் இருந்தபோதுகூட எங்கள் வீட்டில் யாரையும் புதைத்ததில்லை." என்னைக் குத்தி அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனாலும் அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதைத்தவர்கள் ஒரு படி கீழே, எரித்தவர்கள் ஒரு படி மேலே என்ற இந்தப் பேச்சை நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் புதைத்த குடும்பம்.

நான் 1957இல் பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒன்றில் பிறந்தவள். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. என் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அது 1917இல் நடந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் என் சிறு வயது முழுக்க ரப்பர்தான். பதினேழாம் நம்பர் மரக்காடு முடிந்து ஓடைக்கு இறங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதுதான் சுடுகாடு. பின்னாளில் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, சுடும் இடம் சுடுகாடு, இடும் இடம் இடுகாடு என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தில் யாரும் அப்படிப் பிரிக்கவில்லை. மூன்று தலைமுறையை மண்ணில் இட்ட இடத்துக்குச் சுடுகாடு என்றே பெயர்.

அங்கே ஒரு சிதை எரிந்ததை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெரியவர். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் அடுக்கியிருந்த ரப்பர் மர விறகைத் துரையிடம் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். ஓர் உடல் முழுதாக வேக 400, 500 கிலோ விறகாவது வேண்டும். இரவெல்லாம் ஆள் காவல் இருக்க வேண்டும். மழை வந்தால் தகரம் பிடிக்க வேண்டும். கிராணி வீட்டுக்கு அது முடிந்தது. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர் வீட்டில் சாவு விழுந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டு, மறுநாள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். மண்வெட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது. நாலு பேர் முறை வைத்து வெட்டினால் மதியத்துக்குள் குழி தயார். மாமா பெருமையாகச் சொன்ன 'எரிக்கிற குடும்பம்' என்பதில் பாதி விறகுக் கணக்கு.

மீதிப் பாதி சாதி. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. எரிப்பதே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மோடு கப்பலேறி வந்தது. ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு அது அவ்வளவு நேரான கதையில்லை என்று தெரியும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களைத் தாழியில் வைத்து மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்ற பெரிய மயானத்தைச் சொல்லும் இடத்தில், சுடுகிறவர்கள், வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைக்கிறவர்கள், தாழியால் கவிக்கிறவர்கள் என ஐந்து வகையினரும் வருகிறார்கள். ஐந்தும் ஒரே மயானத்தில், ஒரே ஊரார் செய்தது. சந்நியாசியை இன்றைக்கும் உட்கார்ந்த நிலையில் சமாதி வைக்கிறோம்; பால் குடிக்கும் குழந்தையை எரிப்பதில்லை. துறவிக்கும் குழந்தைக்கும் மண் கௌரவம் என்றால், முப்பது வருடம் பால் வெட்டிய என் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, மட்டும் அது எப்படிக் குறைவாகும்?

அப்பாயி விறகுக்கு வழியில்லாமல் மண்ணுக்குப் போகவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் அவர்.

துறையூர்ப் பக்கத்து ஊரிலிருந்து தாத்தாவோடு வந்தபோது, பத்து வயது நிரம்பாத தன் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினாராம். தாய் இல்லாத பிள்ளை. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே வீட்டில் வளர்ந்து, பெரியவனாகி, அதே தோட்டத்தில் பால் வெட்டினான். 1943இல், மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, முடிந்ததும் வந்துவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்களாம். அப்பாயி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவன் லாரியிலிருந்து கையை உயர்த்திக் காட்டியதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. அந்த வருடம் அக்டோபரிலேயே தண்டவாளம் போட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் மூன்று பேர் திரும்பினார்கள். தம்பியைப் பற்றி அவர்களில் ஒருவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேதி கண்டது, கொட்டகையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு பார்க்கவில்லை. புதைத்தார்களா, எரித்தார்களா, மற்றவர்களோடு ஒரே பள்ளத்தில் தள்ளினார்களா? அந்த முகாம்களில் மூன்றும் நடந்திருக்கிறது.

இருபது வருடம் அப்பாயி அதையே கேட்டுக்கொண்டிருந்தார். செத்துப்போனான் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டார். எங்கே கிடக்கிறான் என்பதுதான் அவரை அரித்தது. பால் தெளிக்க ஓர் இடமில்லை, காரியம் செய்ய ஒரு நாளில்லை. தீபாவளிப் படையலில் தாத்தாவின் அப்பா அம்மாவுக்கு வைக்கும் இலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இலை போடுவார். அதில் புளிச்சோறு மட்டும் இருக்கும்.

படுக்கையில் விழுந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். "என்னைக் கொளுத்திவிடாதே, ராசா. எனக்கு ஒரு குழி வேண்டும். மேலே ஒரு கல் வை. பக்கத்திலேயே என் தம்பிக்கும் ஒரு கல் வை. போகிறவர் வருகிறவர் பார்த்தால், இப்படி ஒருத்தன் இருந்தான் என்றாவது தெரியட்டும்."

1963இல் போனார். எனக்கு ஆறு வயது. தப்புச் சத்தமும், நீர்மாலைக்குப் போன பெண்களின் ஈரப் புடவையும், அழுத்தமான ஊதுபத்தி வாசமும் நினைவிருக்கின்றன. இன்னொன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அப்பாயி எப்போதும் முந்தானை முனையில் ஒரு காசு முடிந்து வைத்திருப்பார். அந்தக் காலத்துச் சதுர ஒரு காசு, மூலை மழுங்கியது. எங்களில் யார் அழுதாலும் முடிச்சை அவிழ்ப்பது போலப் பாவனை செய்வார். கோடித்துணி போர்த்தும்போது ஒரு கிழவி அந்த முடிச்சை அவிழ்க்கப் போனார். அம்மா தடுத்தார். "இருக்கட்டும். அதோடேயே போகட்டும்."

பெண்கள் லயத்து முச்சந்தியோடு நின்றுவிட்டோம். அதற்கு அப்பால் ஆண்கள் மட்டும்.

பதினாறு கழிந்ததும் அப்பா பலகைச் சட்டம் அடித்து, தோட்டத்து மேசன் கொடுத்த சிமெண்டைக் குழைத்து ஊற்றி, ஒரே நாளில் இரண்டு கல் செய்தார். காய்வதற்குள் ஆணியால் எழுதினார். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒரு கல்லில் அப்பாயியின் பெயரும் வருடமும். இன்னொன்றில் தம்பியின் பெயர், அதற்குக் கீழே 'சயாம் 1943'. சயாமில் வரும் துணைக்காலைச் சிறியதாகப் போட்டுவிட்டுப் பிறகு நீட்டியிருக்கிறார். இரண்டு கோடும் தெரியும். 'ம்' மேல் புள்ளியை ஆணியால் வைக்காமல் சுண்டுவிரலை அழுத்தி வைத்திருக்கிறார். அந்தக் குழியில் என் விரல் சரியாகப் பொருந்தும்.

பல வருடம் கழித்து, 2011இல், ஆசிரியத் தோழிகளோடு தாய்லாந்து போனபோது காஞ்சனபுரியில், அதே ரயில் பாதையில் இறந்த போர்க்கைதிகளின் போர்க்கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர்ப் பலகை, படைப்பிரிவின் சின்னம், வயது, நடுவில் ஒரு பூச்செடி. புல்லை அவ்வளவு அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வயது, இருபத்தைந்து வயது. அந்தப் பையன்களுக்காகவும் அழுதேன். ஆனால் வரிசை வரிசையாக நடந்து முடிக்கும்வரை மனத்தில் ஓடியது, தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லையே என்பதுதான். உலகத்தில் என் அப்பாயியின் தம்பி பெயர் எழுதிய ஒரே கல், எங்கள் தோட்டத்து மேட்டில், அப்பாவின் கையெழுத்தில் இருந்தது.

2014இல் அந்த மேட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புக்கு நிலம் கைமாறியிருந்தது. கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: வாரிசுகள் மூன்று மாதத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும், தோண்டி எடுக்கும் செலவு நிறுவனத்துடையது. தோட்டத்தை விட்டுப் போய் முப்பது வருடமானவர்களுக்குக் கோயில் சுவர் எப்படிக் கண்ணில் படும்? வாரிசு வராத குழிகளை ஒட்டுமொத்தமாக எடுத்து ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அண்ணனும் நானும் பதிந்தோம். தோண்டும் நாளன்று நானும் வருவேன் என்றேன். பண்டாரம் யோசித்தார்; பெண்கள் அங்கே வரும் வழக்கமில்லை என்றார். அண்ணன் சொன்னது ஒரே வாக்கியம்: "பாப்பா வரட்டும், சாமி. அவளுக்குத்தான் அப்பாயி முகம் நன்றாக நினைவிருக்கிறது."

விடிகாலை. பனி விலகவில்லை. இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருவர் தோண்டினார்கள். முதலில் பண்டாரம் பால் தெளித்து உத்தரவு கேட்டார். மூன்றடிவரை சாதாரண செம்மண். அதற்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது. ஆள் நீளத்துக்கு, ஆள் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு படுகை. மூத்தவர் மண்வெட்டியை மேலே வைத்துவிட்டுக் கையால் தள்ள ஆரம்பித்தார். "நேனேக்?" என்று கேட்டார். பாட்டியா என்று பொருள். தலையசைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

எலும்புக்கூடு கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். நம் ஊர் ஈரத்துக்கும் மண்ணின் புளிப்புக்கும் ஐம்பது வருடம் போதும். தொடை எலும்பில் இரண்டு துண்டு, தொட்டால் பொடிகிறது. ஏழு பற்கள். வெற்றிலைக் கறை இன்னும் போகாத பற்கள். அப்புறம் இடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் பச்சை பூத்த ஒரு சிறிய சதுரம். அந்த மனிதர் அதை விரலால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். புடவை மக்கிவிட்டது. முடிச்சு மக்கிவிட்டது. காசு அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும் புதுச் சட்டியில் வைத்துச் சிவப்புத் துணியால் கட்டினோம். மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு அடுத்த கல்லைக் காட்டினார். இரண்டு கல், இரண்டு குழி என்று எழுதியிருக்கிறது. அண்ணன் என்னைப் பார்த்தார். "அதற்குள் யாரும் இல்லை" என்றேன் மலாயில். அவருக்குப் புரியவில்லை. கல் இருக்கிறதே என்றார். தோண்டாமல் கணக்கை முடிக்க முடியாதாம். சயாம் ரயிலைப் பற்றி அந்தக் காலை நேரத்தில், மண்வெட்டிகளுக்கு நடுவில், அரைகுறை மலாயில் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கையால் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள், தோண்டிவிட்டதாக எழுதிக்கொள்கிறேன் என்றார்.

கல்லை நகர்த்தி, அதன் அடியில் இருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து மைலோ டின்னில் போட்டுக்கொண்டேன்.

சட்டியையும் டின்னையும் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம், மின்சுடலைக்கு. அப்பாயி கொளுத்த வேண்டாம் என்றார்; ஆனால் மறுபடி புதைக்க எங்களுக்கு எந்த நிலம் சொந்தம்? இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். அங்கே வேலை செய்பவர் நல்ல மனிதர். சட்டியை வாங்கிக்கொண்டார். டின்னைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மண் வேகாது, அம்மா."

எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் சிலாங்கூர் ஆறு கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. அங்கே படகெடுத்து, அப்பாயியின் சாம்பலையும் அந்த ஒரு பிடி மண்ணையும் ஒரே நேரத்தில் கரைத்தோம். சாம்பல் கொஞ்ச தூரம் மிதந்து போனது. மண் உடனே இறங்கிவிட்டது. காசை அண்ணன் பர்ஸில் வைத்துக்கொண்டார். அப்பாயியின் கல்லை இறக்கும்போது அது உடைந்துவிட்டது. சயாம் கல்லை மட்டும் லாரி பிடித்து என் வீட்டு முருங்கை மரத்தடியில் வைத்தேன்.

அண்ணன் 2021 ஜூலையில் கொரோனாவில் போனார். அந்த மாதத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, முகம் பார்க்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் நின்று, வண்டியிலிருந்து நீளமான ஒரு பையை இறக்குவதைப் பார்த்தோம். மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பொட்டலத்தில் கைக்கடிகாரம், பல்செட், பர்ஸ். பர்ஸில் காசு இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அப்பாயி தம்பியின் உடலைக் கேட்டு அழவில்லை என்று. ஒருத்தன் போகும்போது நம் கைபட ஏதாவது செய்ய வேண்டும். ஒரு முடிச்சையாவது அவிழ்க்காமல் விட வேண்டும். அது கிடைக்காததுதான் அவரைத் தின்றது. எரித்தாலும் புதைத்தாலும் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

எரிப்பதை எதிர்த்து நான் எழுதவில்லை. பிள்ளைகள் எல்லாம் மாடி வீடுகளில் இருக்கிறார்கள். பெட்டி லிஃப்டில் நுழையாமல் படிக்கட்டில் சாய்த்துத் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்து, மறுநாள் சாம்பலைக் கையில் வாங்கிக்கொள்வது அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று தெரியும். என்னையும் எரிக்கத்தான் சொல்லியிருக்கிறேன். தோட்டத்துச் சுடுகாடு இன்னும் மிச்சமிருக்கிற ஊர்க்காரர்கள் தயவுசெய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கல்லில் உள்ள பெயர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாசி மூடியிருந்தால் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேயுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம், எழுத்து போய்விடும். எங்கள் மேட்டில் இடிப்பதற்கு முன்னால் நான் எழுதியது நாற்பத்தொரு பெயர். இன்னும் எத்தனையோ கல் படிக்க முடியாமல் போயிற்று.

என் வீடு வாடகை வீடு. எனக்குப் பிறகு முருங்கை மரத்தடி யாருடையதோ. போன வாரம் அண்ணன் மகனிடம் கல்லை அவன் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவன் இருப்பது நாலாவது மாடியில், இரண்டு அறை வீடு.

"எங்கே வைப்பது, அத்தை? வாசலில் செருப்பு அலமாரி பக்கத்தில்தான் இடம் இருக்கிறது."

செருப்புப் பக்கம் வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வந்தான். மரத்தடியில் மண்டியிட்டு, எழுத்துகளில் படிந்திருந்த மண்ணைச் சுண்டுவிரலால் எடுத்துவிட்டு அளந்தான். ஒன்றரை அடிக்கு ஓர் அடி. வீட்டுக்குப் போய்ப் போன் செய்தான்: சாமி மேடைக்குக் கீழே, எண்ணெய்ப் போத்தல்களை நகர்த்தினால், சரியாகப் போகும்.